தீர்த்தத்துக்கு உதட்டை மூடியவர்

ஐ.சி.யு.வில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் முன்னால் ஒரு சின்ன பாட்டில் நீளும். மருந்து பாட்டில் இல்லை. ஸ்ரீரங்கத்து ஆட்கள் என்றால் அதில் பெருமாள் தீர்த்தம் இருக்கும், துளசி மிதக்கும். எங்கள் பாலக்கரைப் பக்கத்து ஆட்கள் என்றால் ஹஜ்ஜுக்குப் போன யாரோ கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர். வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவருகிறவர்களும் உண்டு. "ஒரே ஒரு சொட்டு சிஸ்டர், நாக்கு நனையட்டும்" என்று கெஞ்சுவார்கள். நீங்கள் அப்போதுதான் அந்தக் கட்டிலின் தலைமாட்டில், வாய் வழியாக எதுவும் தரக் கூடாது என்று அட்டை மாட்டிவிட்டு வந்திருப்பீர்கள்.

என்ன செய்வீர்கள்? சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள் பிள்ளைகளா. தென்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.விலேயே என் உத்தியோகக் காலத்தின் பாதி போயிற்று. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கும் என்னிடம் அதற்கு ஒரே பதில் கிடையாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும், சளி கட்டும், காய்ச்சல் வரும், ஆளையே கொண்டுபோய்விடும். இது உங்களுக்குத் தெரியும். அந்தச் சொட்டு இல்லாமல் ஆள் போய்விட்டால் பெற்ற பிள்ளைகள் ஆயுசுக்கும் அதையே நினைத்துப் புழுங்குவார்கள். இது உங்களுக்கு இனிமேல்தான் தெரியும்.

மெஷின் பார்க்க, ஊசி போட, டியூப் மாற்றவெல்லாம் சொல்லித்தர இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். நான் அதைப் பேச வரவில்லை. படுத்திருப்பவரைக் காட்டி வீட்டார் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்களே, "அவரு உள்ள இருக்காரா சிஸ்டர்?" என்று, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எந்த மெஷினும் நேராகப் பதில் சொல்லாத கேள்வி அது. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகுதான் கேட்பார்கள். உங்களிடம்தான் கேட்பார்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. என்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ், தங்கமான குணம், இளகின மனசு. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு நினைவே திரும்பாத ஒரு பையன் எங்களிடம் இருந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒருநாள் அவன் கண் ஓரத்தில் நீர் வழிந்தது. பெண்டாட்டி பதறிப்போய், "அழறாரா சிஸ்டர்?" என்று கேட்டாள். இவளும் மனசு தாங்காமல், "ஆமாம்மா, உங்களைப் பார்த்துதான் அழறாரு" என்று சொல்லிவிட்டாள். இமை சரியாக மூடாத கண்ணில் காற்றுப் பட்டால் நீர் வரத்தான் செய்யும். அந்தப் பெண்ணோ அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சோறு தண்ணி இல்லாமல் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் போன பிறகும் அவள் அழுதது அவன் போனதற்காக மட்டும் இல்லை. "அவ்வளவு நாள் அழுதாரே, நான் ஒண்ணும் செய்யலையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கண்ணில் நீர் வருகிறது என்று சொல்லலாம். அழுகிறார் என்று சொல்லக் கூடாது. கண்டதைச் சொல், அதற்கு அர்த்தம் கற்பிக்காதே. நல்ல வழக்கம்தான், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வழக்கமே ஒருநாள் என் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சடகோபன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்தர வீதியில் வீடு. ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு என்று கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் ஆயிற்று. உயிர் தங்கியது, ஆள் எழுந்திருக்கவில்லை. தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு டியூப், மூக்கு வழியாகச் சாப்பாட்டுக்கு ஒரு டியூப், பக்கத்தில் மூச்சுக்குத் துணையாக மெஷின். கண் சில நேரம் திறக்கும், எதையும் தொடராது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் இல்லை. "சார், என் கையை அமுக்குங்க" என்றால் ஒன்றும் இல்லை. வாய் எப்போதும் லேசாகத் திறந்தே கிடக்கும்.

மகள் வேதவல்லி உள்ளூர், பக்கத்துத் தெருவிலேயே குடித்தனம். மகன் பார்த்தசாரதி பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை.

வாரக்கணக்காக ஒரு மாற்றமும் இல்லை என்றதும் எங்கள் நரம்பியல் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் பொய் சொல்லாத டாக்டர். பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். நம் ஊரில் எல்லாக் குடும்பமும் எடுக்கிற முடிவைத்தான் அவர்களும் எடுத்தார்கள். போகிற உயிர் வீட்டில் போகட்டும். ஆம்புலன்ஸில் கூட்டிப்போய், வீட்டில் படுக்க வைத்து, மெஷினைக் கழற்றிவிடுவது. கழற்றினால் சில மணி நேரம் தாங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று காலை ஆம்புலன்ஸ் வந்து கீழே நின்றது. பார்த்தசாரதி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனில் சாஸ்திரிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்குள் உயிர் போனால் எப்போது எடுக்கலாம், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம். நடுவில் ஒரு உறவினர் அழைத்தார். "அப்பா எப்பவோ போயாச்சு மாமா. உடம்புதான் இருக்கு. அதை ஆத்துக்கு அழைச்சுண்டு போறோம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேதவல்லி கோயிலிலிருந்து நேராக வந்தாள். கையில் தீர்த்தம், சின்னதாக ஒரு வெள்ளி உத்தரணி. தீர்த்தம் கொடுக்கிற கரண்டி, பார்த்திருப்பீர்கள்.

"இப்பவே ஒரு சொட்டு கொடுத்துடறேன் சிஸ்டர்" என்றாள்.

"வீட்டுல போயிக் கொடுக்கலாமேம்மா. இப்ப தண்ணி உள்ள போனா புரை ஏறிடும்."

"காவேரிப் பாலம் தாண்டறதுக்குள்ள ஏதாவது ஆயிடுத்துன்னா? வாய் நனையாம போயிடக் கூடாது சிஸ்டர். அப்பாவுக்கு பெருமாள்தான் எல்லாம்."

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். உதட்டை மட்டும் நனைக்கட்டும், சளி உறிஞ்சும் குழாயைக் கையில் தயாராகப் பிடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். தலைமாட்டை ஏற்றாமல், படுத்த வாக்கிலேயே, அவள் உத்தரணியை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அத்தனை நாளாகத் திறந்து கிடந்த உதடுகள் மூடிக்கொண்டன. சும்மா மூடவில்லை, இறுக்கமாக மூடின. தாடை எலும்பு புடைத்தது.

அவள் கையை எடுத்தாள். உதடு தளர்ந்தது. மறுபடி கொண்டுபோனாள். மறுபடி இறுகியது.

"என்னது இது?" என்றார் பார்த்தசாரதி.

வேதவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. "தீர்த்தத்தை வேண்டாம்கறாரே. ஐயோ, என்ன அபசாரம் பண்ணினோமோ தெரியலையே!" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். பார்த்தார். அவரும் ஒரு தடவை கரண்டியை வாயருகே கொண்டுபோகச் சொல்லிப் பார்த்தார். "இது ரிஃப்ளெக்ஸ்மா. மூளையில அடி விழுந்தா வாய்கிட்ட எது பட்டாலும் தாடை இப்படி இறுகும். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். பாடப்படி அதுதான் சரியும்கூட.

எனக்கு மட்டும் உறுத்தியது. ஏன் தெரியுமா? ஒவ்வொரு டியூட்டியிலும் அவர் வாயை நாங்கள்தான் பஞ்சு வைத்துத் துடைப்போம். குச்சி, பஞ்சு, குழாய் எல்லாம் உள்ளே போகும். ஒருநாள்கூட அந்தத் தாடை இறுகியது கிடையாது. வாய்கிட்ட எது பட்டாலும் இறுகுமென்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இறுகவில்லை? நான் சாதாரணத் தண்ணீரில் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். வாய் அதுபாட்டுக்குத் திறந்தே கிடந்தது. வேதவல்லியின் உத்தரணியை வாங்கி நானே கொண்டுபோனேன். பச்சைக் கற்பூர வாசனை எனக்கே வந்தது. உதடு இறுகியது.

"வாசனைக்கும் ரிஃப்ளெக்ஸ் உண்டு சிஸ்டர்" என்றார் டாக்டர், என் எண்ணம் புரிந்தவராக.

நான் வேதவல்லியிடம் கேட்டேன். "உங்க அப்பா எப்பவாவது தீர்த்தம் வேண்டாம்னு சொல்லியிருக்காராம்மா?"

"அப்பாவா? பெருமாள் தீர்த்தத்தையா?" என்று சீறினாற்போல நிமிர்ந்தவள், பாதியில் நின்றாள். "ஒரு தடவை... காய்ச்சலா படுத்திருந்தார். நான் கோயில்லேர்ந்து கொண்டுவந்து படுக்கையிலயே கொடுத்தேன். 'விழுப்போட கிடக்கேன், பல்லு தேய்க்கல, குளிக்கல, படுத்துண்டு தீர்த்தம் வாங்கிப்பாளா? புத்தி இருக்கா நோக்கு?'ன்னு கத்தினார். எழுந்து குளிச்சு, திருமண் இட்டுண்டு, உட்கார்ந்துண்டுதான்..."

விழுப்பு என்றால் தீட்டுப்பட்ட நிலை, குளித்து மடியாகாத நிலை. அவள் அப்பாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி கவுன், எண்ணெய் வழிகிற முகம், வெறும் நெற்றி, கீழே டயபர். அவர் நன்றாக இருந்த காலத்தில் இந்தக் கோலத்தில் அவர் முன்னால் தீர்த்தத்தை நீட்ட அவளுக்குத் தைரியம் வந்திருக்குமா? வந்திருக்காது. இப்போது நீட்டினாள் என்றால், அவள் மனதில் அப்பா அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்? ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள், அவள் செய்ததில் குற்றமே இல்லை. ஆனால் உள்ளே ஆள் இருந்தால்?

எனக்கு எங்கள் அத்தா, என்னைப் பெற்றவர், ஞாபகம் வந்தார். கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான் குர்ஆனைக் கையில் கொடுத்தேன். கையை உதறிக்கொண்டார். ஒளு செய்யாமல், கை கால் முகம் கழுவாமல் தொட மாட்டாராம். நான் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டேன், பிறகுதான் வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கும் உத்தர வீதிக்கும் வழி வேறாக இருக்கலாம், பிடிவாதம் ஒன்றுதான்.

டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "ஆம்புலன்ஸ் கீழ நிக்குது சிஸ்டர். ரெண்டு பேரும் மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க. இப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்களால கழற்றவும் முடியாது, வச்சுக்கவும் முடியாது. நாளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா அந்தப் பாவத்தை யார் சுமக்கறது?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என் கண் முன்னால் வந்தாள். சொல்லி அது பொய்யாகப் போனால் இரண்டு பிள்ளைகளை உயிரோடு வதைத்தவளாவேன். சொல்லாமல் விட்டு அது உண்மையாக இருந்தால்? தன்னைக் கொண்டுபோய் மூச்சை நிறுத்தப் போகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டே, வாய் திறக்க முடியாமல் ஒரு மனுஷர் பாலத்தைத் தாண்டிப் போவார். யா அல்லாஹ், அதை நினைக்கவே முடியவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல டாக்டர்" என்றேன். "குளிப்பாட்டப் போறேன். எப்படியும் வீட்டுக்குப் போறவரைச் சுத்தம் பண்ணித்தானே அனுப்புவோம்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி. நானும் இருக்கேன்" என்றார்.

பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன். "கிளம்பறதுக்கு முன்னாடி சுத்தமாக்கி அனுப்பணும். நீங்களும் கூட வாங்க. வேற எதுவும் நினைச்சுக்காதீங்க." அவர்கள் நினைக்கத்தான் நினைத்தார்கள். வாயால் நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெந்நீரில் துணி நனைத்துத் தலை முதல் கால் வரை துடைத்தோம். பல் தேய்த்துவிட்டேன். கவுனை எடுத்துவிட்டு, மகன் தன் கையால் வேட்டி சுற்றிவிட்டார். விரிப்பை மாற்றினோம். கட்டிலின் தலைமாட்டை ஏற்றி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தோம். பார்த்தசாரதி திருமண் குழைத்து நெற்றியில் இட்டார். கோடு கோணிக்கொண்டது. வேதவல்லி அதைத் துடைத்துவிட்டு நேராக இட்டாள். "கோணலா இருந்தா அப்பாவுக்குப் பிடிக்காதுடா" என்றாள். அவருக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்று அவள் நிகழ்காலத்தில் பேசி அன்றுதான் நான் கேட்டேன்.

பிறகு காதருகே குனிந்தாள். "அப்பா, நீராட்டம் ஆயிடுத்து. திருமண் இட்டாச்சு. உட்கார்ந்துண்டுதான் இருக்கேள். பெருமாள் தீர்த்தம்பா."

எல்லாரும் அவர் உதட்டையே பார்த்தோம். உத்தரணி வாயருகே வந்தது. உதடு இறுகவில்லை. திறந்தும் வாங்கவில்லை. எப்போதும்போலத் தொங்கியது.

"தளர்ந்துடுச்சு" என்றார் டாக்டர் மெல்ல. "அவ்வளவுதான் சிஸ்டர். வெந்நீர் பட்டதுல தசை தளர்ந்திருக்கும்."

தலை குனிந்தேன். குனிந்ததால்தான் பார்த்தேன். விரிப்பின் மேல் மல்லாந்து கிடந்த வலது கையில் கட்டைவிரல் மெல்ல உள்ளே நகர்ந்தது. மற்ற விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. உள்ளங்கை குழிந்தது.

நாங்கள் வாரக்கணக்காக அமுக்கச் சொல்லிக் கெஞ்சிய கை அது.

"அம்மா, கையைப் பாருங்க" என்றேன்.

வேதவல்லி பார்த்தாள். தீர்த்தத்தை யாரும் வாயில் ஊட்டுவதில்லை, கையில்தான் வாங்குவார்கள். தினமும் கோயிலில் அவர் நீட்டிய கை அது. அவள் உத்தரணியைக் கீழே இறக்கினாள். குழிந்த உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். நான் அந்தக் கையைத் தாங்கித் தூக்கி அவர் உதட்டில் ஒற்றினேன். மிச்சத்தை மகன் அப்பாவின் தலையில் தடவிவிட்டார்.

டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். சிறிது நேரம் கழித்து மறுபடி செய்துகாட்டச் சொன்னார். வெறும் கரண்டியைக் காட்டினார். கை அசையவில்லை. "கையைக் குழிங்க சார்" என்று உத்தரவு போட்டார். அசையவில்லை. "பெருமாள் தீர்த்தம்பா" என்று மகளைச் சொல்ல வைத்தார். விரல்கள் சேர்ந்தன. "ஆம்புலன்ஸைப் போகச் சொல்லுங்க" என்றார்.

நம்முடைய பாடத்தில் ஒருவருக்கு நினைவு இருக்கிறதா என்று பார்க்க உத்தரவுதான் போடுகிறோம். கண்ணைத் திற, கையை அமுக்கு, நாக்கை நீட்டு. அடிபட்ட மூளைக்கு உத்தரவைப் பிடித்துக் கையில் கொண்டுவந்து சேர்க்க முடியாமல் போகலாம். ஆனால் ஒரு மனுஷரை மனுஷராக்குகிறது வெறும் உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற சாமர்த்தியம்தானா? தனக்கு எது பெரியது, அதை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும், எப்படி வாங்கிக்கொள்ளக் கூடாது என்று ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கும். அது அவ்வளவு ஆழத்தில் இருந்தது அவருக்கு. முதலில் அவருக்குத் திரும்பி வந்தது 'வேண்டாம்' என்கிற சொல்தான். அதை நாங்கள் கிட்டத்தட்ட நோய் என்றே எழுதியிருப்போம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு இப்படி அவரவருக்கு உயிரான ஒன்றை முன்னால் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் நடந்ததில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் எல்லாக் கட்டிலிலும் அதிசயம் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அன்று மதியம் பார்த்தசாரதி என்னிடம் வந்தார். முகமே மாறிப்போயிருந்தது.

"அப்போ நாங்க பேசினதெல்லாம் கேட்டுண்டு இருந்தாரா சிஸ்டர்? அந்த போன்... சாஸ்திரிகள்கிட்ட பேசினது?"

இந்த இடத்தில் உங்களுக்குப் பொய் சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நல்ல பிள்ளை, தாங்க மாட்டார். ஆனால் இல்லை என்று நான் சொன்னால், உள்ளே இருக்கிற ஆளை நானே மறுபடி இல்லாதவர் ஆக்குகிறேன்.

"கேட்டிருக்கலாம் சார்" என்றேன்.

"நான் இப்ப என்ன பண்ணணும்?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அங்கதான் இருக்காரு. அவர்கிட்ட போயிக் கேளுங்க."

போய்க் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மன்னித்தாரா என்று யாருக்கும் தெரியாது. நானும் அர்த்தம் கற்பிக்க மாட்டேன்.

பிறகு வந்த நாட்களில் டாக்டர் பொறுமையாக அவரோடு பேசப் பழகினார். வேண்டாம் என்றால் உதட்டை இறுக்குவது, சரி என்றால் விரலைச் சேர்ப்பது. சில நாள் பதிலே வராது. சில நாள் சட்டென்று வரும். கேள்வியைத் திருப்பிப் போட்டும், முன்னுக்குப் பின்னாகக் கேட்டும், வேறு வேறு நாளில் கேட்டும் உறுதிசெய்துகொண்டார். இப்போது பிள்ளைகளுக்கு வேறு வேகம் வந்துவிட்டது. சென்னைக்குக் கொண்டுபோகலாம், இன்னொரு ஆபரேஷன் பார்க்கலாம், அப்பாவை நடக்க வைத்தே தீருவோம் என்று நின்றார்கள். முன்பு அவரைக் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தவர்கள், இப்போது அவரைக் கேட்காமல் சென்னைக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். டாக்டர்தான் நிறுத்தினார். "கேளுங்க" என்றார்.

"அப்பா, சென்னைக்குப் போலாமா?" உதடு இறுகியது.

"இன்னொரு ஆபரேஷன்?" இறுகியது.

"இங்கயே இருக்கேளா?" இறுகியது.

வேதவல்லி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆத்துக்குப் போலாமாப்பா?" விரல்கள் சேர்ந்தன.

வீட்டில் ரொம்ப நாள் தாங்காது என்பதையும் டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே, சுற்றி வளைக்காமல் சொன்னார். சின்ன மெஷின் வைத்துக்கொள்ளலாம், காய்ச்சல் வந்தால் சமாளிப்பது கஷ்டம் என்றார். மறுநாளும் கேட்டார், அதற்கு அடுத்து ஒருநாளும் கேட்டார். பதில் மாறவில்லை.

ஆக, மறுபடி ஆம்புலன்ஸ் வந்தது. அதே பாலம், அதே வீடு. யார் முடிவு என்பது மட்டும் மாறியிருந்தது. பிள்ளைகளா, அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் என்று எனக்கு அப்போது புரிந்தது.

தள்ளுவண்டியில் ஏற்றி, "கிளம்பலாமாப்பா?" என்று பார்த்தசாரதி கேட்டார். உதடு இறுகியது. எல்லாரும் நின்றுவிட்டோம். மனசு மாறிவிட்டதா? வலிக்கிறதா என்று கேட்டேன், குளிர்கிறதா என்று கேட்டேன். இறுக்கம் போகவில்லை. வேதவல்லி திருமண்ணைப் பார்த்தாள், வேட்டியைச் சரிசெய்தாள். பிறகு ஏதோ தோன்றித் தன் கைப்பையைத் திறந்தாள். அட்மிட் ஆன அன்று மோதிரத்தோடு சேர்த்து எங்கள் ஆட்கள் கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி அதில் கிடந்தது.

"இதுவாப்பா?"

விரல்கள் சேர்ந்தன. டாக்டர் பின்னாலிருந்து, "இதை அவருக்கு மாட்டிவிட்டுத்தான் நான் கண்ணு முன்னாடி விரலை ஆட்டியிருக்கணும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டாள். கண்கள் மெதுவாக நகர்ந்தன. மகளிடம், மகனிடம், பிறகு என்னிடம் வந்து நின்றன. தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "சார், மெஹரு சிஸ்டர் வந்திருக்கேன், திருப்பிப் படுக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுவது என் பழக்கம். அத்தனை நாளும் வெறும் குரலாக மட்டும் அவர் அறிந்திருந்த என்னை அப்போதுதான் பார்க்கிறார். எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் யாரையும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்ப மாட்டோம். திரும்பி வரச் சொல்கிற இடமா இது? அன்று என்னமோ அழுகையை அடக்குகிற அவசரத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

"போயிட்டு வாங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே, உதட்டை நன்றாக இறுக்கி மூடினார்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. வேதவல்லிதான் முதலில் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"வர மாட்டாராம் சிஸ்டர்."